கப்பை மட்டும் எண்ணினால் கணக்கு வராது: கால்பந்து கிளப்பின் பழைய மேனேஜர்களை ஒப்பிடுவது எப்படி?

பாளையங்கோட்டை டீக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை இந்தச் சண்டை நடக்கும். முந்தின ராத்திரி ஆட்டம் தோற்றிருந்தால் கட்டாயம் நடக்கும். "லேய், அவன் எத்தனை கப்பு வாங்கிக் குடுத்தான், இவன் எத்தனை வாங்குனான், எண்ணிப் பாரு" என்பார் ஒருவர். "கப்பு கெடக்கட்டும்ல. அவன் கையில இருந்த டீம என்ட்ட குடு, நானே ஜெயிச்சுக் காட்டுதேன்" என்பார் அடுத்தவர்.

ரெண்டு பேச்சிலும் விஷயம் இருக்கிறது. முதல் ஆள் விளைச்சலைப் பற்றிப் பேசுகிறார், ரெண்டாம் ஆள் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவரத் தெரியாததால்தான் டீ ஆறியும் பேச்சு முடிவதில்லை.

யாரை மேனேஜர் என்கிறோம்

ஆளைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, எப்படி ஆடுவது என்று முடிவு செய்பவரை இங்கே மேனேஜர் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் பழைய வழக்கப்படி, எந்த ஆட்டக்காரரை வாங்குவது, யாரை விற்பது என்பதிலும் அவர் சொல்தான் கடைசிச் சொல். இப்போது பல கிளப்புகளில் வாங்கல் விற்றலுக்குத் தனி இயக்குநர் இருக்கிறார். பயிற்சியாளர் கையில் மைதானம் மட்டும்தான். லிவர்பூலில் யுர்கன் கிளாப்பின் பதவி மேனேஜர். 2024-இல் அடுத்து வந்த ஆர்னே ஸ்லாட்டின் பதவி தலைமைப் பயிற்சியாளர். பொறுப்பு வேறு என்றால் பழியும் புகழும் வேறு. "கண்ட ஆளையெல்லாம் வாங்கிப் போட்டான்" என்று திட்டும் முன், வாங்கியது அவர்தானா என்று பார்த்துவிடுவது நல்லது.

தலைமடையும் கடைமடையும்

தாமிரபரணிப் பாசனத்தில் ரெண்டு பேர் வயலைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். ஒருவருக்குக் கால்வாயின் தலைமடையில் வயல். பிசானப் பருவம், மழையும் ஒத்துழைத்தது. மற்றவருக்குக் கடைமடை; கார் பருவம், மடையில் தண்ணீர் வருமா வராதா என்று ராத்திரி டார்ச் லைட்டோடு போய்ப் பார்க்க வேண்டும். முதல் ஆள் ஏக்கருக்கு 30 மூட்டை எடுத்தார், ரெண்டாம் ஆள் 22 எடுத்தார். யார் நல்ல விவசாயி? விவசாயம் தெரிந்த அண்ணாச்சி யாரும் 30 பெரிது என்று உடனே சொல்லிவிட மாட்டார். எந்த மடை, எந்தப் பருவம், போன பூவுக்கு (போன சாகுபடிக்கு) அந்த மண்ணில் யார் எரு போட்டது என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பார்.

கால்பந்தில் மடை என்பது கிளப்பின் பணம். மண் என்பது முந்தின மேனேஜர் விட்டுப்போன அணி. மழை என்பது அதிர்ஷ்டம். பருவம் என்பது அந்தக் காலத்து லீக். மூட்டை எண்ணிக்கையிலிருந்து இந்த நாலையும் கழித்தால் மிஞ்சுவதுதான் மேனேஜரின் கைவேலை. அந்த மிச்சம் நாம் நினைப்பதைவிடச் சின்னது.

வெற்றி விழுக்காடு எங்கே காலை வாரும்

ஆடிய ஆட்டங்களில் நூற்றுக்கு எத்தனை வென்றார் என்பது வெற்றி விழுக்காடு. எல்லாரும் முதலில் தூக்கிக் காட்டுவது இதைத்தான்.

மான்செஸ்டர் யுனைடெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் 1,500 ஆட்டங்களில் 895 வென்றார், 59.7 விழுக்காடு. அவருக்குப் பின் வந்த டேவிட் மோய்ஸ் 51-இல் 27, அதாவது 52.9. அடுத்து லூயி வான் ஹால் 103-இல் 54, அதாவது 52.4. இந்தக் கணக்குப்படி மோய்ஸ் வான் ஹாலைவிட ஒரு நூல் மேல். ஆனால் மோய்ஸை ஒரு சீசன்கூட முடிக்க விடாமல் அனுப்பினார்கள், வான் ஹால் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வாங்கிக் கொடுத்தார். கோளாறு எங்கே?

வெற்றி விழுக்காடு டிராவையும் தோல்வியையும் ஒன்றாகவே பார்க்கிறது. 0-0 முடித்தாலும் 0-4 உதை வாங்கினாலும் அதற்கு ரெண்டும் 'வெல்லவில்லை', அவ்வளவுதான். இன்னொன்று, கோப்பைப் போட்டியின் முதல் சுற்றில் கீழ்டிவிஷன் அணியை அடித்ததும், லீக்கில் செல்சியை அடித்ததும் இதில் ஒரே எடை.

இதற்கு மாற்று ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளி: லீக் ஆட்டங்களை மட்டும் எடுத்து, வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று கூட்டி, ஆட்ட எண்ணிக்கையால் வகுப்பது. மோய்ஸ் 34 லீக் ஆட்டங்களில் 57 புள்ளி, சராசரி 1.68. வான் ஹால் 76 ஆட்டங்களில் 136 புள்ளி, 1.79. வரிசை தலைகீழாகிவிட்டது. ஒரு சீசனுக்கு 38 ஆட்டம் என்றால் இந்த 0.11 வித்தியாசம் நாலு புள்ளிக்கு வரும். சில வருஷங்களில், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் இடம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்ய அது போதும்.

இதுவரை: வெற்றி விழுக்காட்டை ஓரமாக வைத்துவிட்டு லீக் சராசரிப் புள்ளியைக் கையில் எடுங்கள். ஆனால் அதுவும் விளைச்சல் கணக்குத்தான். மடையும் மண்ணும் இன்னும் உள்ளே வரவில்லை.

சென்னையின் எஃப்.சி.யில் ஒரு கணக்கு

தமிழ்நாட்டிலிருந்து ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆடும் ஒரே கிளப் என்பதால் நம் ஆட்களுக்கும் இது சொந்தச் சண்டை. மார்க்கோ மட்டெராட்சி 2014 முதல் 2016 வரை மூன்று சீசன். ஜான் கிரெகரி 2017-18, 2018-19, பிறகு 2019-20-இல் முதல் ஆறு ஆட்டம். ஆளுக்கு ஒரு ஐ.எஸ்.எல். பட்டம்: 2015 இறுதியில் கோவாவை 3-2, 2018 இறுதியில் பெங்களூருவை அதே 3-2. கப்பு எண்ணினால் சமம்.

புள்ளியை எடுப்போம். அப்போது சீசனுக்கு 14 லீக் ஆட்டம். மட்டெராட்சியின் அணி 2014-இல் 23, 2015-இல் 22, 2016-இல் 15. மொத்தம் 42 ஆட்டத்தில் 60 புள்ளி, சராசரி 1.43. கிரெகரி காலத்தில் சீசனுக்கு 18 ஆட்டம். முதல் சீசன் 32, அடுத்தது 9, கடைசி ஆறு ஆட்டத்தில் 5. இதுவும் சரியாக 42 ஆட்டம்தான். புள்ளி 46, சராசரி 1.10.

சராசரி மட்டெராட்சி பக்கம் சாய்கிறது. ஆனால் தனித்தனி சீசனாகப் பார்த்தால் கிரெகரியின் முதல் சீசன் 1.78. மட்டெராட்சியின் எந்த சீசனும் அதைத் தொடவில்லை. அவருடைய உச்சம் 1.64. கிரெகரியை 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்த அந்த நடு சீசன்தான் கீழே இழுக்கிறது. அது யாரோ விட்டுப்போன அணி என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. முந்தின வருஷம் அவரே பட்டம் வென்ற அணியின் தொடர்ச்சி அது.

மட்டெராட்சியின் 2016 சரிவுக்கோ கண்ணுக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. 2014-இன் அதிக கோல்காரர் எலானோ, 2015-இன் அதிக கோல்காரர் மெண்டோசா, ரெண்டு பேரும் அந்த வருஷம் அணியில் இல்லை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் ஐ.எஸ்.எல். பட்டம், லீக் முடிந்தபின் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் பிளே-ஆஃபில் முடிவானது. 2015-இல் சென்னை லீக்கில் மூன்றாம் இடம், 2017-18-இல் ரெண்டாம் இடம். கடைசி மூன்று ஆட்டம் நன்றாகப் போனால் கோப்பை கைக்கு வரும். 38 ஆட்டம் ஓடி வாங்கும் இங்கிலாந்து லீக் பட்டத்தையும் இதையும் ஒரே தராசில் வைத்து "ரெண்டும் ஒரு கப்பு" என்பது நியாயமில்லை.

கையில் கிடைத்த அணி

மோய்ஸுக்குக் கிடைத்தது முந்தின வருஷம் 89 புள்ளியோடு பட்டம் வென்ற அணி. கேட்டால் தலைமடை வயல் மாதிரித்தான் இருக்கும். வயதைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் ஃபெர்டினாண்டுக்கு 34, எவ்ராவுக்கும் கேரிக்குக்கும் 32, விடிச்சுக்கு 31, கிக்ஸுக்கு 39. முந்தின சீசனில் 26 லீக் கோல் போட்ட வான் பெர்சிக்கு 30. ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றாயிற்று. போதாததற்கு, ஆட்டக்காரர் வாங்கும் பேரத்தைப் பல வருஷம் பார்த்துவந்த தலைமை நிர்வாகியும் ஃபெர்குசனோடு சேர்ந்தே வெளியேறினார். மண் சத்தை உறிஞ்சிக் கடைசிப் பெரிய விளைச்சல் எடுத்தாகிவிட்டது என்று பொருள். மோய்ஸ் நன்றாகச் செய்தார் என்று நான் வாதாட வரவில்லை; 89-இலிருந்து 64-க்கு இறங்கிய அந்த சீசனில் எல்லா இறக்கமும் அவர் கணக்கில் எழுதத் தக்கது அல்ல, அவ்வளவே.

எதிர்ப்பக்கம் ஸ்லாட். கிளாப்பின் கடைசி சீசனில் லிவர்பூல் 82 புள்ளி, மூன்றாம் இடம். ஸ்லாட்டின் முதல் சீசனில் கிட்டத்தட்ட அதே ஆட்கள், 84 புள்ளி, பட்டம். வித்தியாசம் ரெண்டே புள்ளி! ஒரு டிரா வெற்றியானால் வருவது. பட்டத்தைக் கொண்டுவந்தது பெரும்பாலும் பக்கத்து வயலின் நிலை: அந்த வருஷம் மான்செஸ்டர் சிட்டி 71-க்குச் சரிந்தது. இதே கிளாப் 2018-19-இல் 97 புள்ளி எடுத்தும் பட்டமில்லை, சிட்டி 98 எடுத்ததால். 97-க்கு லீக் பட்டமில்லை, 84-க்கு லீக் பட்டம். கப்பு எண்ணுவதில் உள்ள ஓட்டையைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஒரு மேனேஜரின் கணக்கைத் திறக்கும்போது முதலில் மூன்று விஷயம் எழுதுங்கள்: அவர் வருமுன் கடைசி ரெண்டு சீசனில் அணியின் சராசரிப் புள்ளி, வழக்கமாக முதல் பதினொன்றில் ஆடுபவர்களின் வயது, முதல் ஆறு மாதத்தில் உள்ளே வந்தவர்களும் வெளியே போனவர்களும். முப்பதைத் தாண்டியவர்கள் பாதிக்கு மேல் என்றால் அது விளைச்சல் முடிந்த வயல்.

சம்பளப் பட்டியல்

பணத்தை அளக்க நம் ரசிகர்கள் எடுப்பது ஆட்டக்காரரை வாங்கிய விலை. அது சரியான அளவுகோல் இல்லை. ஒப்பந்தம் முடிந்து இலவசமாக வரும் பெரிய ஆட்டக்காரருக்கு விலை சுழியம். ஆனால் வாரச் சம்பளம் கண்ணைக் கட்டும். ஐந்து வருஷத்துக்கு முன் பெரிய விலைக்கு வாங்கிய ஒருவர் இன்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். சம்பளம்தான் இப்போது அணியில் உள்ளவர்களின் இன்றைய சந்தை மதிப்பை ஓரளவு காட்டும்.

கிளப் ஒரு வருஷத்தில் கொடுத்த மொத்தச் சம்பளத்தைச் சம்பளப் பட்டியல் என்போம். பல சீசன்களைச் சேர்த்துப் பார்த்தால், சம்பளப் பட்டியலில் கிளப்புக்கு உள்ள இடமும் லீக்கில் முடிக்கும் இடமும் பெரும்பாலும் அருகருகே இருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: சம்பளத்தில் எத்தனையாம் இடம், லீக்கில் எத்தனையாம் இடம்? சம்பளத்தில் ஏழு, லீக்கில் நாலு என்றால் மேனேஜர் மேலே தள்ளியிருக்கிறார். சம்பளத்தில் ரெண்டு, லீக்கில் ஐந்து என்றால் எத்தனை எஃப்.ஏ. கோப்பை காட்டினாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இங்கிலாந்துக் கிளப்புகள் ஆண்டுக் கணக்கை அரசு பதிவகத்தில் தாக்கல் செய்கின்றன, யாரும் பார்க்கலாம். ரெண்டு இடத்தில் கவனம் வேண்டும். அந்தத் தொகையில் அலுவலக ஊழியர் சம்பளமும் கலந்திருக்கும். கணக்கு வெளிவருவதும் சீசன் முடிந்து பல மாதம் கழித்துத்தான். ஐ.எஸ்.எல்.லில் அணிச் சம்பளத்துக்கு லீக்கே உச்சவரம்பு வைத்திருப்பதால் அங்கே இந்த இடைவெளி சின்னது, இந்தக் கேள்விக்கும் வலு குறைவு.

லெஸ்டர் 2015-16-இல் ரனியெரியின் கீழ் பட்டம் வென்றதை இன்றும் வாய் ஓயாமல் பேசுவது இதனால்தான். 81 புள்ளி ஒன்றும் உலக சாதனை இல்லை. 2017-18-இல் மொரின்யோவின் யுனைடெட் அதே 81-க்கு ரெண்டாம் இடம்தான் வாங்கியது. ஆனால் லெஸ்டர் அதை எடுத்தது சம்பளப் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்துகொண்டு.

பழைய மேனேஜர் வெங்கர் எவ்வளவு நல்லவர் என்று ஆர்சனல் ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டையும் இங்கேதான் தீரும். 2005-இல் வாங்கிய எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு 2014 எஃப்.ஏ. கோப்பை வரை நடுவில் ஒரு கோப்பையும் இல்லை. அதே வருஷங்களில் கிளப் 2006-இல் திறந்த புது ஸ்டேடியத்தின் கடனைச் சுமந்தது. ஆன்ரி, ஃபாப்ரெகாஸ், வான் பெர்சி என்று நல்ல ஆட்களை ஒவ்வொருவராக விற்றது. ஒரு வருஷமும் முதல் நாலு இடத்தை விடவில்லை. 2003-04-இல் தோல்வியே இல்லாமல் 90 புள்ளி எடுத்தது பெரிய சாதனைதான். ஆனால் கைவேலை என்று பார்த்தால் கோப்பையில்லாத அந்த வருஷங்களும் அதற்குக் கிட்டத்தில் வரும் என்பேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இதுவரை: புள்ளியை எடுத்தோம், கிடைத்த அணியையும் சம்பளத்தையும் கழித்தோம். மழை மிச்சம்.

மழைக் கணக்கு

கால்பந்தில் கோல் குறைவு. அதனால் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்லச் சரிபாதி வாய்ப்புள்ள ஓர் அணி 10 ஆட்டம் ஆடினால், அதில் 7 அல்லது அதற்கு மேல் வெல்ல 17 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 3 அல்லது அதற்குக் கீழே நிற்கவும் அதே 17. மேனேஜர் ஒன்றுமே மாற்றாமல், மூன்றில் ஒரு தடவை ஆகா என்றோ ஐயோ என்றோ இருக்கும். பத்து ஆட்டத்தை வைத்து ஒருவரைத் தலையில் தூக்குவதும் வீட்டுக்கு அனுப்பச் சொல்வதும் இதனால்தான் வீண்.

இதிலிருந்து வருவதுதான் 'புது ஆள் வந்ததும் துள்ளல்'. மேனேஜரை எப்போது மாற்றுகிறார்கள்? அணி அதன் தரத்துக்கும் கீழே போனபோது. அந்தச் சரிவில் ஒரு பங்கு துரதிர்ஷ்டம். அது எப்படியும் தானாக விலகி அணி தன் வழக்கமான நிலைக்கு ஏறும். இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். ஏறும் நேரத்தில் நாற்காலியில் இருப்பவர் புது ஆள், பெயர் அவருக்கு.

சோல்ஷர் 2018 டிசம்பரில் யுனைடெட்டுக்குத் தற்காலிகமாக வந்து 19 ஆட்டத்தில் 14 வென்றார். மார்ச் 28-இல் நிரந்தரமாக்கினார்கள். அந்த சீசனின் மீதி 10 ஆட்டத்தில் வென்றது ரெண்டு. முதல் 19-ம் அவரில்லை, கடைசி 10-ம் அவரில்லை. ரெண்டையும் சேர்த்தால் ஓரளவு அவர்.

அதிர்ஷ்டத்தைக் கழிக்க இன்னொரு கருவி எதிர்பார்ப்பு கோல். ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு தூரம், எந்தக் கோணம், காலாலா தலையாலா என்று பார்த்து, அதேமாதிரிப் பழைய ஷாட்கள் ஆயிரக்கணக்கில் எத்தனை கோலானது என்பதை வைத்து 0 முதல் 1 வரை மதிப்பு கொடுப்பார்கள். பெனால்ட்டிக்குச் சுமார் 0.78. ஓர் ஆட்டத்தின் எல்லா ஷாட்டையும் கூட்டினால், அந்த வாய்ப்புகளுக்குச் சராசரியாக எத்தனை கோல் வந்திருக்க வேண்டும் என்று தெரியும்.

பிரைட்டன் 2020-21-இல் 40 கோல் மட்டும் போட்டு 16-ஆம் இடத்தில் முடித்தது. அவர்களுடைய எதிர்பார்ப்பு கோல் 40-ஐவிட நன்றாகவே மேலே இருந்தது. பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் மேனேஜர் கிரஹாம் பாட்டர் தேறமாட்டார் என்றார்கள். அடுத்த சீசனில் அதே அணி 51 புள்ளியோடு 9-ஆம் இடம். இந்தக் கருவியிலும் ஒரு பொறி உண்டு. 2-0 முன்னிலையில் உள்ள அணி பின்னால் இறங்கித் தற்காக்கும். எதிரணி சும்மா சுட்டுத்தள்ளும். ஆட்டத்தில் தோற்றவர்களே மேல் என்று எதிர்பார்ப்பு கோல் காட்டும். ஓர் ஆட்டத்து எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். அரை சீசனாவது சேரட்டும்.

பருவம் மாறினால்

அப்பா காலத்து மேனேஜரை இன்றைய ஆளோடு வைக்கும்போது புள்ளியை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1981 வரை வெற்றிக்கு 2 புள்ளிதான். பாப் பெய்ஸ்லியின் லிவர்பூல் 1978-79-இல் 42 ஆட்டத்தில் 30 வெற்றி, 8 டிரா, 68 புள்ளி. இன்றைய கணக்கில் 98, சராசரி 2.33. ஸ்லாட்டின் பட்ட சீசன் 2.21, கிளாப்பின் லீக் பட்டமில்லா 97 புள்ளி 2.55.

நோட்டில் எழுதும்போது

ஒரு மேனேஜருக்கு ஒரு பக்கம். லீக் ஆட்டம், புள்ளி, சராசரி; வந்தபோது அணியின் நிலை; ஒவ்வொரு சீசனும் சம்பள இடமும் லீக் இடமும்; போகும்போது விட்டுச்சென்ற அணியின் வயது. 38 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியவர் பக்கத்தில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். முதல் சீசனைத் தனியாகப் பிரித்து வையுங்கள், அதில் பாதி முந்தினவருடையது.

பென்சில் ஏன் என்பதற்கு மறுபடியும் சென்னையே சாட்சி. 2019-20-இல் கிரெகரி ஆறு ஆட்டத்தில் 5 புள்ளியோடு விலகினார், சராசரி 0.83. ஓவன் கோய்ல் வந்து மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்தார், சராசரி 2.00. அணி நாலாம் இடம் பிடித்து இறுதிவரை போனது. 15 கோல் போட்ட வால்ஸ்கிஸ் கோய்ல் கொண்டுவந்த ஆள் இல்லை, கிரெகரி காலத்தில் சேர்ந்தவர். ஆள் சேர்த்த வரவு கிரெகரி பக்கம், ஆடவைத்த வரவு கோய்ல் பக்கம். கோய்ல் அடுத்துப் போன ஜாம்ஷெட்பூர் 2021-22-இல் லீக்கில் முதலிடத்துக்குத் தரும் கேடயத்தை வென்றது அவர் பக்கத்தை உறுதியாக்குகிறது. பிறகு 2023-இல் சென்னைக்கே திரும்பினார். அந்த சீசன் 22 ஆட்டத்தில் 27 புள்ளி, சராசரி 1.23.